என் கலியாணத் தவிலும் மாட்டுத்தோல் விதியும்

ஒருவர் தம் தொழிலுக்காகக் கையோடு கொண்டுவரும் வாத்தியம் அவருடைய பயணச் சாமான். அதைத் திறந்து பார்க்கலாம், தடுத்து வைக்கக் கூடாது. எங்கள் அலுவலக விதிப்புத்தகத்தில் பயணச் சாமான் பற்றிய அத்தியாயத்தின் கடைசிப் பிரிவு இது. வரி பிசகாமல் எனக்குத் தெரியும். என் கலியாணத்துக்கு வந்த தவிலுக்கு நான் அதைப் பிரயோகிக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், மலாயாவின் ஈப்போவில், பினாங்கு வழியாக வந்து இறங்கும் சாமான்களைச் சோதிக்கும் அறையில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா. வயது இருபத்தாறு. தலைமுடியும் தன்னம்பிக்கையும் ஏராளம். என் வருங்கால மாமனார், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், தம் ஒரே மகளின் கலியாணத்துக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு நாதஸ்வரக்காரரையும் தவில்காரரையும் வரவழைத்திருந்தார். வியாழக்கிழமை காலை முகூர்த்தம். அவர்கள் ரயிலை விட்டு இறங்கியது திங்கட்கிழமை.

நாதஸ்வரம் மரம், நாணல், பித்தளை. அதில் தொங்கிய தந்த ஊசியைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தேன். தந்தத்துக்கு விதி இல்லை, விட்டுவிட்டேன். தவிலுக்கு ஒரு முகத்தில் ஆட்டுத்தோல், மறு முகத்தில் மாட்டுத்தோல், சுற்றிலும் வார். தோல் சாமான் கால்நடை மருத்துவரின் சான்று இல்லாமல் உள்ளே வரக் கூடாது என்று இன்னொரு விதி உண்டு. அது பச்சைத்தோல் வியாபாரிகளுக்கானது என்பது பியூனுக்குக்கூடத் தெரியும். ஆனால் இது என் கலியாணம். கிராணி தன் வீட்டுச் சாமானைத் தானே விட்டுக்கொண்டான் என்று நாளை ஒருவர் சொல்லிவிடக் கூடாதே! அப்படிச் சொல்ல ஈப்போவில் யாருக்கும் அவகாசம் இருந்ததாக இப்போது நினைவில்லை.

“ஐயா, இது தவில். கோயில்ல அடிக்கிறது” என்றார் தவில்காரர், குழந்தைக்குச் சொல்வதுபோல.

“தெரியும். ஆனால் தோல்.”

“தோல் இல்லாமல் எப்பிடி ஐயா அடிக்கிறது?”

இதற்கு விதிப்புத்தகத்தில் பதில் இல்லாததால் முத்திரை வைக்க அரக்கை உருக்கினேன்.

சத்தம் கேட்டு எங்கள் துரை உள்ளே வந்தார். லூமுட் கடற்கரைக்கு லீவில் புறப்பட்டுக்கொண்டிருந்தவர். விஷயத்தைக் கேட்டு, அந்தச் சனியனைக் கொடுத்து அனுப்பு என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்னார். எழுத்தில் தந்தால் நல்லது என்று பணிவோடு கேட்டேன். அவர் என்னை ஒரு நொடி பார்த்து, சிரித்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். முத்திரை வைத்த சாமானைத் திறக்க அவர் கையெழுத்து வேண்டும் என்பது அவருடைய மோட்டார் வண்டி தெருமுனையில் மறைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் முத்திரையும் காய்ந்துவிட்டது.

செய்ய வேண்டியதைச் செய்தேன். தலைமை அலுவலகத்துக்கு, தவில் எந்த வகுப்பில் சேரும் என்று விளக்கம் கேட்டு எழுதினேன். சுருக்கமாக எழுதியிருக்கலாம். ஆனால் நான் படித்தவன். வாசகசாலையில் இருந்த கலைக்களஞ்சியத்தைப் புரட்டி, மலாய்க்காரரின் ரெபானா ஒருமுகத் தோற்கருவி என்றும், பஞ்சாபியரின் டோல் முரசு இருமுகம் என்றும், சீன முரசில் தோல் ஆணியால் அறையப்படுவதால் சுருதி சேர்க்க முடியாது என்றும், ஸ்காட்லாந்துப் பைக்குழலிலும் தோல் உண்டு, அதை யாரும் இதுவரை தடுத்ததில்லை என்றும் விரிவாக எழுதினேன். கடைசி வாதம் ஒன்றே தவிலை விடுவிக்கப் போதும். அதை எழுதிய கையோடு எழுந்து போய் முத்திரையைச் சரிபார்த்துவிட்டு வந்தேன்.

அன்று மாலையே மாமனார் வந்தார். உட்காரவில்லை.

“தம்பி, மேளத்தை மறிச்சுப் போட்டீராம். மெய்யோ?”

“விதிப்படி, மாமா…”

“நான் முப்பது வருசம் ரயில் விட்டனான். எனக்கு விதி படிப்பிக்க வேண்டாம். தாலி கட்டேக்க ஒரு தும்மல், ஒரு அழுகை, ஒரு கெட்ட சொல்லு பிள்ளையின்ர காதில விழக் கூடாது. அதுக்குத்தான் கெட்டிமேளம். வியாழக்கிழமை மேளம் கேக்காட்டில் தாலியும் இல்லை. கிராணி மாப்பிள்ளைக்கு மலாயாவில பஞ்சமோ?”

பஞ்சமில்லை என்பது எனக்குத் தெரியும். எங்கள் தங்குமடத்திலேயே நான்கு பேர் இருந்தார்கள். அதில் ஒருவன் என்னைவிடச் சிவப்பு. பெண்ணை நான் ஒரே ஒரு தடவை, கோயிலில், தூணுக்கு அந்தப் பக்கம் பார்த்திருந்தேன். அர்ச்சகர் மணியைத் தவறவிட்டபோது எல்லோரும் அபசகுனம் என்று முகம் சுளிக்க, அவள் மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை இழக்கப் போகிறேன் என்ற எண்ணம் வந்ததும், வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு விதியை வெறுத்தேன். வெறுத்தேனே தவிர, மீறவில்லை.

செவ்வாய்க்கிழமை பியூனை அழைத்துக்கொண்டு தவில் தேடக் கிளம்பினேன். பியூன் குனோங் ராபாட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன், என் வயதுதான். அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஒரு தவில் இருந்தது. போய்ச் சேர்ந்தபோது அது ஆளோடு தெலுக் அன்சன் திருவிழாவுக்குப் போயிருந்தது.

“தப்புப் பறை இருக்குங்க கிராணியாரே. நாலு பேரு வருவானுங்க. அடிச்சானுங்கன்னா மலையே எதிரொலிக்கும்லா” என்றான் பியூன்.

புதன்கிழமை காலை இதை மாமனாரிடம் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, சொன்னது நானல்ல, பியூன் என்று திருத்தினேன்.

அன்று பிற்பகல் அலுவலகம் திரும்பும் வழியில், சந்தைக்குப் பின்னால், ஒரு சீன வாத்தியக் கோஷ்டியின் கடைவாசலில் பியூன் நின்றுவிட்டான். உள்ளே நாதஸ்வரத்துக்குத் தம்பிபோல் ஒரு குழல், தட்டு அகலத்துக்குத் தாளங்கள், நடுவில் சிவப்பு வர்ணம் பூசிய ஒரு முரசு. கோஷ்டித் தலைவர் பல்குத்தியபடி எங்களை மேலும் கீழும் பார்த்து, சந்தை மலாயில் கேட்டார்.

“காவினா, மாத்தியா?”

“கல்யாணமா சாவான்னு கேக்குறாரு. எதுக்கு வந்தாலும் வாசிப்பாங்களாம், பாட்டு மட்டும் வேறயாம்” என்றான் பியூன். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்து, “கல்யாணம்னு சொல்லட்டுங்களா?” என்றான்.

“சொல்லு.”

முரசை மட்டும் தர முடியாது, அதனுடன் தாமும் வருவதாகச் சொன்னார் தலைவர். ஒப்புக்கொண்டேன்.

“இதுவும் மாட்டுத்தோலுதாங்க. சர்டிபிகேட் கேக்கலியா?”

“இது ஈப்போவில் செய்தது. இறக்குமதிக்குத்தான் விதி” என்றேன். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் அது சரியான பதில்.

தமிழன் அடிக்கும் தப்பு என்றதும் முகம் கறுத்த மாமனார், சீனர் வீட்டு முரசுக்குச் சம்மதித்தார். பந்தலில் கூடியிருந்த படித்த உறவினர் யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. எனக்கும்தான்.

வியாழக்கிழமை காலை தவில்காரர் அந்த முரசை வாரில் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டபோது அரை அடி கீழே இறங்கினார். விரல்களில் கூடு மாட்டியிருந்தார், தட்டிப் பார்த்தார். இரண்டு முகத்திலும் ஒரே ‘டொம்’.

“ஐயா, இது ஒரு சொல்லுத்தான் சொல்லும்” என்றார் என்னிடம். “நல்ல சொல்லா இருக்க வேணும் எண்டு கும்பிடுங்கோ.”

நாதஸ்வரக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். பக்தி என்று சபை நினைத்தது. சீனத் தலைவர் புதுச் சட்டையில், முரசுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தாளத்தை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார். தாளத்தை ஏன் கொண்டுவந்தார் என்று யாரும் கேட்கவில்லை.

நான் தாலியைக் கையில் எடுத்தேன். அந்த நேரம் பார்த்துப் பின்வரிசையில் யாரோ தும்மலுக்கு மூச்சை இழுப்பது எனக்கு நன்றாகக் கேட்டது. மாமனாருக்கும் கேட்டிருக்க வேண்டும். அவர் கண் என் கையின் மேல் நின்றது. “கெட்டிமேளம்!” என்று ஐயர் விரலை ஆட்டினார். தவில்காரர் முரசை அறைந்தார். சபை முழுவதும் எழுந்து அட்சதை வீசுவதைப் பார்த்த சீனத் தலைவர், இதுதான் தருணம் என்று புரிந்துகொண்டு, எழுந்து நின்று இரண்டு தாளங்களையும் முழுப் பலத்தோடு மோதினார். மோதிக்கொண்டே இருந்தார். பந்தலின் தகரக் கூரை அதிர்ந்தது. காகங்கள் பறந்தன. ஐயரின் மந்திரம், தும்மல், என் மூன்று முடிச்சுகளுக்கு இடையில் நான் உளறியது, எதுவும் எவர் காதிலும் விழவில்லை.

சத்தம் ஓய்ந்ததும் மாமனார் காதுக்குள் விரலை விட்டு ஆட்டிக்கொண்டே, “மேளம் கேட்டுது” என்றார். அவ்வளவுதான். தாலி நிலைத்தது.

என் பக்கத்தில் மணப்பெண் தலைகுனிந்திருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து குனிந்தேன். முந்தானை வாயில் இருந்தது.

“தவிலை மறிச்சது நீங்கள்தானோ?” என்றாள் மெல்ல.

“விதி அப்படி.”

“இனி வீட்டுக்கு வாற சாமானுக்கெல்லாம் நான்தான் துரை” என்றாள். எழுத்தில் கேட்கத் தோன்றவில்லை.

துரை லீவு முடிந்து வந்த அன்று, அறையில் என்ன வாடை என்று கேட்டார். ஈரத்தில் தோல் தளர்ந்து மணத்தது. முத்திரையைத் தம் கையாலேயே பிய்த்து, தவிலைத் தூக்கி, அதுவரை ஊர் திரும்பாமல் காத்திருந்த தவில்காரரிடம் கொடுத்தார். கையெழுத்து வைத்தாரா என்று நான் பார்க்கவில்லை.

தலைமை அலுவலகத்துக்கு மூன்று நினைவூட்டல்கள் அனுப்பினேன். விஷயம் முடிந்துவிட்டதே, ஏன் என்று மனைவி கேட்டாள். கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் கோப்பை மூட முடியாது என்றேன். அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். ஒருவழியாக வந்த பதில் ஒரே வரி: மேற்படி தவில் என்பது நரம்பு வாத்தியமா, காற்று வாத்தியமா என்பதைத் தெளிவுபடுத்தி, மூன்று பிரதிகளில் மீண்டும் விண்ணப்பிக்கவும். வந்து சேர்ந்தது எங்கள் இரண்டாவது மகனுக்கு முதல் முடி இறக்கிய அன்று, வைகாசி மாதம் ஒன்பதாம் நாள், புதன்கிழமை.