தாத்தாவுக்கு வைத்திருந்த சீயக்காய்

அப்பா கார் வாங்கியது நாங்கள் ஏறிப் போவதற்காக இல்லை, பெரியப்பா பார்ப்பதற்காக. பெரியப்பா என்றால் அம்மாவின் அக்கா வீட்டுக்காரர். பரமக்குடியில் இருந்த மாமனார் வீட்டுக்கு அவர் காரில் வந்து இறங்குவார். நாங்கள் கம்பத்திலிருந்து பஸ் மாறி பஸ் ஏறி, கசங்கிப் போய் இறங்குவோம். ஒரு பொங்கலுக்குப் பந்தியில் எல்லார் முன்னாலும், "என்ன சகல, பஸ்ஸ விட்டுட்டா சொல்லுங்க, நான் கொண்டுபோயி விடுறேன்" என்று அவர் சொல்லிவிட்டார். அன்பாகச் சொன்னாரோ என்னவோ, அப்பாவுக்கு அது தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. திராட்சை நல்ல விலைக்குப் போன ஒரு வருடம், குமுளிப் பக்கத்து எஸ்டேட்காரர் ஒருவரிடமிருந்து பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார்.

வாங்கிய கொஞ்ச நாளிலேயே தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, இறந்துபோனார். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. விடியும்போது எதிர்வீட்டுக்குப் போன் வந்தது. "வெயில் தாழ எடுத்துருவாக, வெரசா வந்துரு" என்று மாமா சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அம்மா அழுதுகொண்டே அடுப்படிக்குப் போய்ச் சீயக்காய்த் தூளைத் துணியில் முடிந்தாள். ஒரு சின்னப் பாட்டிலில் எண்ணெய் எடுத்தாள். இரண்டையும் மஞ்சப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். கடைசிக் குளியலின்போது இறந்தவர் தலையில் மகள்கள் எண்ணெயும் சீயக்காயும் வைக்க வேண்டும். தாத்தா உயிரோடிருந்த காலத்திலும் அம்மா காயவைத்து அரைத்த சீயக்காயைத் தவிர வேறு எதையும் தலையில் வைத்ததில்லை. எப்போது ஊருக்குப் போனாலும் அவருக்கென்று ஒரு முடிச்சு போகும்.

பஸ்ஸில் கிளம்பியிருந்தால் மதியத்துக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருப்போம். ஆனால் வாசலில் கார் நின்றதே.

சின்னமனூர் தாண்டியதும் முன்பக்கத்திலிருந்து ஆவி வந்தது. அப்பா இறங்கிப் பார்த்தார். ரேடியேட்டரின் அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. "ஒண்ணுமில்லத்தா, லேசா வேர்க்குது" என்றார் என்னிடம். அதற்குப் பிறகு கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை கார் நின்றது. சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும் என்பதால் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு ஈரச்சாக்கைப் போட்டு மூடியை மெல்லத் திருகுவார். நான் பிளாஸ்டிக் குடத்தோடு தெருக்குழாய்க்கும் வாய்க்காலுக்கும் ஓடினேன். இத்தனை பெரிய வேலையை யாரும் அதுவரை என்னை நம்பிக் கொடுத்ததில்லை. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு இப்படி ஒரு நாள் வாய்த்ததில் எனக்குப் பரம சந்தோஷம்.

தேனியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் கார் நின்றபோது அம்மா கெஞ்சினாள். "என்னைய இங்கன பஸ்ல ஏத்தி விட்டுருங்க. நீங்களும் பிள்ளையும் பையக் கார்ல வாங்க. எங்கப்பா மொகத்தப் பாக்கணும்ங்க."

"கார வச்சுக்கிட்டுப் பொண்டாட்டிய பஸ்ல அனுப்புனேன்னா அந்த மனுசன் சிரிக்க மாட்டாரா? செத்த வீட்டுலயும் நான் அசிங்கப்படணுமா?" என்றார் அப்பா. 

ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்தில் கார் கொதித்து நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரர் ஒருவர் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, மஞ்சத்தூளு கொஞ்சம் போட்டு விடுங்க. ஊறிப் போயி ஓட்டைய அடைச்சுக்கிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கணவாயில் மஞ்சள்தூளுக்கு எங்கே போவது? அப்பாவின் கண் அம்மாவின் மடியில் போய் நின்றது.

"அது எங்கப்பாவுக்குங்க."

"பரமக்குடியில சீயக்கா கெடைக்காதா? எல்லாம் பொடிதான. அது அடைச்சா இதும் அடைக்கும்."

முடிச்சை அவிழ்த்து அவ்வளவையும் ரேடியேட்டருக்குள் கொட்டித் தண்ணீர் ஊற்றி வண்டியை முடுக்கினார். சீயக்காய் என்ன செய்யுமோ அதைத்தான் செய்தது. நுரை பொங்கி வாய் வழியாகத் தள்ளி, பம்பர் வழிந்து, தார்ச்சாலையில் கோழைகோழையாக இறங்கியது. "அப்பா, காரு தலைக்கு ஊத்திக்கிருச்சு!" என்று கத்தினேன். அப்பாகூடச் சிரித்துவிட்டார். அம்மா மட்டும் அந்த நுரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரத்தில் மதுரை பஸ் ஒன்று ஏறி வந்தது. அம்மா கையை நீட்டினாள். பஸ் வேகம் குறைந்தது. அப்பா அவளுக்குப் பின்னாலிருந்து, "சின்ன ரிப்பேருதாண்ணே, சரியாயிரும், நீங்க போங்க" என்று கண்டக்டருக்குக் கை காட்டிவிட்டார். பஸ் போய்விட்டது. அம்மாவின் கை கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தது.

நுரை அடங்கி, பழைய தண்ணீரை வடித்து, அலசி, குடம் குடமாக நான் சுமந்து ஊற்றி, காரை உசிலம்பட்டிக்கு உருட்டிப் போவதற்குள் வெயில் சாயத் தொடங்கிவிட்டது. அங்கே மளிகைக்கடையில் மஞ்சள்தூள் வாங்கிப் போட்டார். ஓட்டை அடைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு ஒரு சொட்டு ஒழுகவில்லை. வழியெல்லாம் அப்பா தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டு வந்தார்.

பரமக்குடியில் தெரு முழுக்க உதிரிப்பூ கிடந்தது. வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "ஒனக்காண்டி எம்புட்டு நேரந்தாண்டி வச்சிருக்க? பொழுது எறங்குதுன்னு தூக்கிட்டாகளே!" அம்மா சுடுகாட்டுப் பக்கம் ஓடப் பார்த்தாள். "பொம்பளையாளு அங்கிட்டுப் போகக் கூடாதுத்தா" என்று நாலைந்து பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள். மஞ்சப்பை கீழே விழுந்து எண்ணெய்ப் பாட்டில் உடைந்தது.

பெரியப்பா சுடுகாட்டிலிருந்து ஈரவேட்டியோடு திரும்பி வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வண்டி எப்ப வாங்குனீக சகல?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அந்தக் கார். அப்பா மஞ்சள்தூள் கதையை அவருக்கு விலாவாரியாகச் சொன்னார். சீயக்காயைச் சொல்லவில்லை. இப்போது அப்பாவும் இறந்துவிட்டார், ஆனாலும் அவர் மேல் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அம்மா அதற்குப் பிறகு அந்தக் காரில் ஏறியதில்லை. அவளுக்குப் பெட்ரோல் வாடை ஆகாது என்று நானே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எங்கள் வீட்டில் சீயக்காய் அரைப்பதும் அன்றோடு நின்றது. அம்மா கடையிலிருந்து ஷாம்பு பாக்கெட் சரமாக வாங்கி வந்து குளியலறை ஆணியில் தொங்கவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. முதலில் கார் வந்தது, அடுத்து ஷாம்பு வந்துவிட்டது, நாங்கள் பணக்காரர்களாகிக்கொண்டு வருகிறோம் என்று வகுப்பில் எல்லாரிடமும் சொன்னேன்.