ராமபத்ரனின் சனியும் பேச்சியின் சுக்கானும்

ராமபத்ரனுக்கு ஏழரைச் சனி பிடித்தது தொண்ணூற்றேழில். அதற்குக் கடி வாங்கியவள் பேச்சி.

வெலிங்டன் தீவில் துறைமுக ஆபீசில் நாற்காலி தேய்த்து ஓய்வு பெற்ற மனுஷன் அவர். தேய்பிறை அஷ்டமியில் நாய்களுக்குத் தயிர்சாதம் போட்டால் பைரவர் மனமிரங்கிச் சனியின் பிடியைத் தளர்த்துவார் என்று எவனோ ஒரு ஜோசியன் ஓதிவிட்டான். சரி, போட்டுத் தொலையட்டும். ஆனால் தன் வீட்டு வாசலில் போட்டாரா? அங்கே போட்டால் நாய் வந்து படுக்கும், அசிங்கம் பண்ணும், மாமிக்கு ஆகாது. சந்து முனையில் பூட்டிக் கிடந்த கிடங்கின் படியில் இலை விரித்துப் பரிமாறினார். அஷ்டமி போதாதென்று சனிக்கிழமையும் சேர்ந்துகொண்டது. புண்ணியம் அவர் கணக்கில் ஏறியது. நாய்க்கூட்டம் ஊரார் தலையில் விடிந்தது. படியை விட்டு அவை நகரவேயில்லை.

சுள்ளிக்கல்லிலிருந்து பஜாருக்குப் பேச்சி தினமும் நடக்கிற வழி அதுதான். சுக்குக் கிடங்கில் தூசி புடைத்துச் சொத்தை பொறுக்கும் வேலை அவளுக்கு. கட்டியவன் இடக்கொச்சியில் இன்னொருத்தியோடு குடித்தனம் போட்டபோது அவள் ஒரு வேளைச் சோற்றைக்கூடத் தள்ளிவைக்கவில்லை. போனவனுக்காக அழ அவளுக்குக் கண்ணீர் மலிந்து கிடக்கவில்லை. ஆனால் சுக்கான் விஷயம் வேறு. கிடங்கு மூட்டைச் சந்தில் நாய்க்குட்டியாகக் கிடைத்தவன், சுக்கு நிறம், கைவண்டி ஏறிப் பின்னங்கால் ஒன்று நொண்டி. சணல் கயிற்றில் அவளோடு வேலைக்கு வருவான், அவளோடு வீடு திரும்புவான். உலகத்தில் அவள் வரும்வரை காத்திருக்கிற ஜீவன் அது ஒன்றுதான். நொண்டியைக் கண்டால் அந்தப் படிக்கட்டுப் படைக்கு அப்படி ஒரு வெறி.

சாயாக்கடையில் யோசனைக்கா பஞ்சம்? கல்லெறி என்றான் ஒருத்தன். எறிந்தாள், சும்மா கிடந்ததுகளும் எழுந்து வந்தன. மிளகாய்ப்பொடி தூவு என்றான் இன்னொரு மேதாவி. கடல்காற்று அவ்வளவையும் அவள் கண்ணிலேயே கொண்டுவந்து அப்பியது. உருப்படியாகச் சொன்னவள் கூட வேலை பார்க்கும் நசீபா மட்டும்தான். ஓடாதே, முதுகைச் சுவரில் வை, சுக்கானைக் காலுக்குப் பின்னால் விடு, குடையை நாயின் மூஞ்சிக்கு நேரே பட்டென்று விரி. என்ன ஆனாலும் அவனைத் தூக்கிவிடாதே, தூக்கினால் உன்மேல் பாயும் என்றாள். அந்தக் குடையை நம்பித்தான் மழைக்காலம் வரை ஓட்டினாள்.

படையலை வேறிடத்தில் வைக்கச் சொல்லி ராமபத்ரனிடம் அவள் கேட்காமலில்லை.

"ஒண்ணும் பண்ணாது, கேட்டியா. பைரவரோட வாகனமாக்கும். உன் நாய்தான் துஷ்டன்," என்றார் அவர். நொண்டிக்காலன் துஷ்டனாம்! வாய் கூசவில்லை மனுஷனுக்கு.

ஆடி மாதத்து அஷ்டமி. மழையினால் சாதம் வரத் தாமதம், நாய்கள் பசியில் உறுமிக்கொண்டிருந்தன. பேச்சி சுவரோடு ஒட்டிக் குடையை விரித்தாள். முதலில் பாய்ந்த கறுப்பனின் வேகத்தில் குடைக்கம்பி மடங்கியது. செவலை ஒன்று உள்ளே புகுந்து சுக்கானின் கழுத்தைக் கவ்வியது. அவன் போட்ட சத்தத்தில் நசீபா சொன்னதெல்லாம் மறந்துபோயிற்று. பிடுங்கித் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். மொத்தப் படையும் அவள் கைமேல் ஏறியது.

அந்த நேரத்தில்தான் ராமபத்ரன் பித்தளைத் தூக்கோடு வந்து சேர்ந்தார்.

"சாமி, சோத்த அந்தப் பக்கம் வீசுங்க. இது செத்துப்போகும்."

"வீசப்படாது," என்றார் ராமபத்ரன். "நிவேதனமாக்கும். இலையில வெச்சுத்தான் கொடுக்கணும்."

சொன்னதோடு விட்டாரா? குனிந்து இலையை விரித்தார். தண்ணீர் தெளித்துத் துடைத்தார். நுனி எந்தப் பக்கம் என்று பார்த்துத் திருப்பி வைத்தார். ஒருத்தி முழங்கையில் நாய் தொங்க நிற்கிறாள், இந்தப் பெரியவர் இலைக்கு நுனி பார்க்கிறார்! பேச்சிக்கு வலிகூட மறந்துபோனது. தொங்கிய நாயையும் இழுத்துக்கொண்டு நடந்தாள், தூக்கைப் பிடுங்கினாள், எதிரே திறந்து கிடந்த அவர் வீட்டு வாசலுக்குள் வீசி எறிந்தாள். அவள் கையை விட்டுவிட்டு அத்தனை வாகனங்களும் சோற்றின் பின்னால் உள்ளே ஓடின. உள்ளே மாமி அலறினாள்.

ராமபத்ரன் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. "தூக்கைத் தொட்டுட்டியே," என்று நின்றார்.

சுக்கானுக்குக் கழுத்தில் தையல் போட்டார்கள்; பிழைத்துக்கொண்டான். பேச்சிக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றி ஊசி. வயிறு வீங்கிப்போய், கையில் கட்டோடு அவள் மறுபடி அந்த வழியே வந்தபோது கிடங்கின் படி காலியாகக் கிடந்தது. கடைசியாகச் சோறு கண்ட இடத்தை நாய்கள் விடுமா? அவர் வீட்டு கேட்டை அடைத்துப் படுத்திருந்தன. ராமபத்ரன் வராந்தாக் கம்பிக்குப் பின்னால் நின்றார். பால் வாங்கக்கூட வெளியே வரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் வாய் அடங்கவில்லை.

"வருத்தப்படாதே பேச்சி. பைரவரே கடிச்சதாக்கும். உன் தோஷம் பாதி அதோட போச்சு."

பேச்சி சுக்கானின் கயிற்றைக் கையில் இறுக்கிக்கொண்டு கேட்டைப் பார்த்தாள்.

"அவ்வளவு புண்ணியம்னா நீங்களும் வெளிய வாங்க சாமி. ஒங்க சனியும் இன்னைக்கே தீரட்டும்."

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.