மணி அடிக்குமுன் ஒரு பொன்னாடை

போன ஞாயிற்றுக்கிழமை கிடர்பூரில் ஒரு குத்துச்சண்டைப் போட்டிக்குப் போயிருந்தேன். அங்கே வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. யார் மேல்? சொல்கிறேன்.

இங்கே வங்காளத்தில், எங்கள் துறைமுக ஊழியர் குவார்ட்டர்ஸில் மாடி வீட்டுப் பெண் கலா. இருபத்திரண்டு வயது. ஆறு வருடமாகக் கையில் கிளவ்ஸ். நடுவில் ஒரு பெரிய நோய் வந்து ஒன்றரை வருடம் ஆஸ்பத்திரியும் மாத்திரையுமாகப் போயிற்று. என்ன நோய் என்கிறீர்களா? சொல்வதாக இல்லை. தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்... உச்சுக் கொட்டவா?

டாக்டர் 'ஃபிட்' என்று எழுதிக் கொடுத்த பிறகு அவள் ரிங்கில் ஏறும் முதல் போட்டி இது.

"ஜெயிக்கணும்னுகூட இல்ல, அங்கிள். எதிர்ல நிக்கறவ நிஜமா அடிக்கணும், நான் தாங்கணும். அப்பதான் எனக்கே என் மேல நம்பிக்கை வரும்" என்று சனிக்கிழமை மாடிப்படியில் நின்று சொன்னாள். நானும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன்.

ஞாயிறன்று எதிரில் பெஹாலாவிலிருந்து வந்த ஒரு வங்காளிப் பெண். மணி அடிக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது எங்கள் குவார்ட்டர்ஸ் தமிழ் மன்றத்தின் செயலாளர், வேட்டியை ஒரு கையில் பிடித்தபடி, கயிற்றுக்குள் நுழைந்தார். இன்னொரு கையில் பொன்னாடை. நாலு தமிழர் கூடின இடத்தில் ஒரு தோள் காலியாக இருந்தால் நமக்குப் பொறுக்காதே!

கிளவ்ஸ் போட்டு நிற்கிற பெண்ணின் மேல் ஜரிகைச் சால்வையைப் போர்த்தினார். மைக்கை வாங்கி, அரைகுறை வங்க மொழியில் அவள் நோயின் பெயர், படுத்திருந்த நாட்கள், பெற்றோர் அழுதது எல்லாவற்றையும் ஒப்பித்தார். கைதட்டல் வேறு.

மணி அடித்தது. அந்த பெஹாலாப் பெண் அடித்தாளா? தடவிக் கொடுத்தாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. நோயாளி என்று ஊரைக் கூட்டிச் சொன்ன பிறகு யாருக்குக் கை ஓங்கும்? முதல் ரவுண்ட் முடிந்தபோது கலாவின் கண்ணில் தண்ணீர்.

நேராக எதிராளியின் மூலைக்குப் போனாள். "ஆமி ருகி நொய். ஜோரே மாரோ" என்றாள். நான் நோயாளி இல்லை, ஓங்கி அடி.

அடித்தாள். கலாவும் திருப்பிக் கொடுத்தாள். உதடு கிழிந்தும் கடைசி மணிவரை நின்றாள். பாயிண்டில் தோற்றாள்.

"அந்தப் பொண்ணு கொஞ்சம் விட்டுக் குடுத்திருக்கலாம் சார்" என்றார் செயலாளர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களை யாருய்யா மைக்கைப் பிடிக்கச் சொன்னது?"

அவர் விழித்தார். "நீங்கதானே சார் நேத்து போன் பண்ணி ஐடியா குடுத்தீங்க? நோய் விவரமெல்லாம் சீட்டுல எழுதியும் அனுப்பினீங்களே."

ஆமாம், நானேதான். இந்தப் பத்திரிகைப் பத்திக்கு உருக்கமாக ஒரு காட்சி வேண்டியிருந்தது எனக்கு. வெட்கங்கெட்டவன்.

கலா உதட்டில் ஐஸை அழுத்தியபடி வந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். "இடது கையக் கீழ விட்டுட்டேன், அங்கிள். அதான் தோத்தேன். எழுதினா அத எழுதுங்க."

இடது கையைக் கீழே விட்டாள், தோற்றாள் — வேறு காரணம் எதுவும் இல்லை.