படைவீரர் மண்டபத்தில் ஒரு கொடியேற்றம்

என் கலியாணம் நடக்க வேண்டுமென்றால் நான் ஒரு போர்க்காலப் பாட்டைப் பாடமாக்க வேண்டும் என்று எந்தச் சோதிடரும் சொல்லவில்லை.

எண்பதுகளின் நடுவில் ரொறன்ரோவில் எங்கள் சனத்துக்கு மண்டபம் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஓமம் வளர்ப்போம் என்று வாய் திறந்தாலே கதவைச் சாத்திவிடுவார்கள். கடைசியில் ஸ்காபரோவில் பழைய படைவீரர்களின் மண்டபம் ஒன்றுதான் மிச்சம். எனக்குப் பேசியிருந்த பெண்ணின் தமையனோ பொறுமைக்குப் பேர்போனவர் அல்ல.

"ஆவணி முகூர்த்தம் தப்பினால் நான் பொறுப்பில்லை, தம்பி. லண்டன் மாப்பிள்ளை இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்."

அந்த லண்டன்காரனை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் மனதாரத் திட்டினேன்.

மண்டபத்தின் செயலாளர் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா. அங்கத்தவர்கள் கை உயர்த்திச் சம்மதித்தால்தான் மண்டபம் என்றார். அடுத்த ஞாயிறு நடக்கும் வருடாந்த ஒன்றுகூடலுக்கு வந்து, கொடி ஏறும்போது கூடவே பாடினால் அவர்கள் மனம் இளகும் என்று பாட்டு அச்சடித்த ஒரு தாளையும் தந்தார். இரண்டாம் உலகப் போருக்கு அந்த ஊர்ப் பையன்கள் ரயில் ஏறியபோது பிளாட்பாரத்தில் நின்றவர்கள் பாடிய பாட்டாம். கொடியும் இப்போதைய மேப்பிள் இலைக் கொடி இல்லை. மூலையில் பிரிட்டிஷ் கொடி வைத்த பழைய சிவப்புக் கொடி. அறுபதுகளில் நாடு கொடியை மாற்றியதில் கிழவர்களுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. வெளியே புதியது பறக்கும். வருடத்துக்கு ஒருமுறை, இந்தப் பாட்டுக்காக மட்டும், பழையதை மண்டபத்துக்குள் ஏற்றுவார்கள். "அதன் கீழ்தானே போனோம்" என்பது அவர்கள் நியாயம். எனக்கு அந்தப் பிடிவாதம் உடனே பிடித்துவிட்டது.

எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பை விட்டு ஓடியவர்கள் நாங்கள். ஒரு நாட்டின் கொடியைக் கண்டால் ஒதுங்கிப் போவோமே தவிர மனம் குளிர்ந்ததில்லை. எங்களுக்குச் சந்தோஷமான கொடி கோயில் கொடிதான்.

மிசிசாகாவுக்கு வேலைக்குப் போய்வரும் காருக்குள் தமையனும் நானும் பாடிப் பழகினோம். தமையனுக்குத் தேவாரக் குரல். ஒவ்வொரு அடியையும் இழுத்து இழுத்து, அந்தப் பாட்டையே சைவமாக்கிவிட்டார்.

ஞாயிறன்று பட்டுச்சேலையும் வேட்டியுமாக ஒரு கூட்டமே போய் இறங்கினோம். கிழவர்கள் பதக்கங்களோடு விறைப்பாக நின்று செத்தவீட்டில் பாடுவதுபோலப் பாடினார்கள். நாங்களும் அடக்கமாகச் சேர்ந்துகொண்டோம். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கொடி மெல்ல ஏறி உச்சியைத் தொட்டது. தமையனின் இரண்டு கைகளும் தாமாகவே தலைக்குமேல் போயின.

"அரோகரா!"

கோயிலில் கொடி ஏறும்போது அப்படிக் கேட்டால் சும்மா நின்று பழக்கமில்லை. நாங்கள் அத்தனை பேரும் கைகளைத் தூக்கி, "அரோகரா!" என்றோம்.

கிழவர்கள் எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். பக்கத்தில் என்னவள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"சிரியாதையும். உம்மை லண்டனுக்குத்தான் அனுப்பப் போகினம்," என்றேன். எனக்கும் சிரிப்பு வந்தது.

முன்வரிசையில் எல்லாரிலும் கடுகடுப்பான கிழவர் கைத்தடியைத் தரையில் தட்டினார். என்ன சத்தம் அது என்று கேட்டார். தமையன் வியர்த்து வழிந்தபடி, கொடி ஏறினால் எங்கள் ஆட்கள் சந்தோஷத்தில் கத்துவார்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார்.

கிழவர் கொடியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, அன்றைக்கு ரயிலடியிலும் எல்லாரும் கத்தினோம், தொப்பிகளை எறிந்தோம் என்றார். பலர் திரும்பி வராததால் அதற்குப் பிறகு யாரும் கத்தவில்லையாம். கொடியை இறக்கி மறுபடி ஏற்றச் சொன்னார்.

இரண்டாம் முறை அவர்கள் போட்ட சத்தத்தில் கூரை பறக்காதது அதிசயம். கைத்தடி, தொப்பி எல்லாம் தலைக்குமேல். நான் சிரித்துக்கொண்டே அழுதேன். செயலாளர் அம்மா சமயம் பார்த்து, இவர்களுக்கு ஆவணியில் மண்டபம் கொடுக்கலாமா, சம்மதிப்பவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார். ஒரு கையும் கீழே இறங்கவில்லை.

தமையன் சால்வைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அப்ப மச்சான், ஓமத்துக்கு நெய் ஆர் வாங்கிறது?"