துக்க வீட்டில் நின்ற மெஷின்

சமூக சேவை கிளப்பில் சேர்ந்தால் என்ன நன்மை என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, சால்வைக்குப் பஞ்சமே வராது என்பதைத்தான். தலைவர் பதவி ஏற்றால் சால்வை, பதவி முடிந்தால் சால்வை, விருந்தினருக்கு ஒன்று, அவரைக் கூட்டிவந்தவருக்கு ஒன்று. பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் ஃபில்டர் கொடுத்தால் அதைச் சுற்றி நாங்கள் அத்தனை பேரும் நிற்போம். போட்டோவில் ஃபில்டரைத் தேடத்தான் வேண்டும். சிங்காநல்லூரில் மிக்ஸி, கிரைண்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவளுக்கு இந்தக் கூத்தெல்லாம் தேவையா என்று வீட்டில் எத்தனையோ தடவை புலம்பியிருக்கிறேன்.

எங்கள் தெருவில் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் டாக்டரம்மாதான் என்னை இழுத்துப்போனவர். "ஏனுங்கக்கா, கடை, ஊடுன்னே கெடந்தா எப்படிங்க? சனிக்கெழம சாயந்தரம் ஒரு மணி நேரம் வந்துதான் பாருங்களேன்" என்று விடாமல் நச்சரித்தார். என் வீட்டுக்காரருக்கு மூச்சிரைப்பு முற்றத் தொடங்கியிருந்த சமயம் அது. மில்லில் பஞ்சு பிரிக்கும் பகுதியில் வருடக்கணக்காக நின்றவர். அந்தத் தூசி எல்லாம் அவர் நெஞ்சில்தான் போய் உட்கார்ந்திருந்தது. ராப்பகலாக அந்த இருமலையே கேட்டுக்கொண்டிருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. போனேன். பொய் சொல்லக் கூடாது, நன்மை இருக்கத்தான் செய்தது. மைக்கைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் எனக்குப் பேச வந்தது. ஆத்திர அவசரத்துக்குக் கூப்பிட நாலு மனுசர் கிடைத்தார்கள்.

கிளப் செய்கிறவற்றில் நான் மனசார மதித்தது ஒன்றைத்தான். நோயாளிகளுக்குச் சக்கர நாற்காலி, கட்டில், ஆக்சிஜன் மெஷின் என்று இரவல் கொடுப்போம். காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் அந்த மெஷின் எங்களிடம் கொஞ்சம்தான் இருந்தது. காசு வாங்குவதில்லை. தேவை தீர்ந்ததும் திருப்பித் தந்தால் போதும். தேவை தீர்வது என்றால் பெரும்பாலும் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் எழுதாத விதி ஒன்று வைத்திருந்தோம். துக்க வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிகிற வரைக்கும் மெஷினைப் பற்றி யாரும் வாயே திறக்கக் கூடாது. அவர்களாகவே திருப்பித் தருவதாகச் சொன்னாலும், "இருக்கட்டுங்க, அதுக்கென்னங்க அவசரம்" என்று சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு மரியாதை எப்போதும் ஒரு பிடி கூடுதல்தான். கேட்டபோது எனக்கும் அது பெருமையாகவே இருந்தது.

போன மார்கழிப் பனியில் என் வீட்டுக்காரருக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கொஞ்சம் தேறியதும், வீட்டில் ஆக்சிஜன் மெஷின் இருந்தால் கூட்டிப் போகலாம், இல்லாமல் அனுப்ப மாட்டேன் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். இவரோ சாப்பிட மாட்டேன் என்று பிடிவாதம். "என்னைய ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரு அம்மணி. இங்க கெடந்தன்னா இங்கயே முடிஞ்சிரும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். கல்யாணமான நாளாக அந்த மனுசன் அழுது நான் பார்த்ததில்லை. வாடகைக் கடைகளில் கேட்டால், பனிக்காலமுங்க, எல்லாமே வெளியில போயிருக்குதுங்க என்றார்கள்.

கிளப் தலைவருக்குப் போன் செய்தேன். இரும்பு வார்க்கும் பவுண்டரி வைத்திருப்பவர், தங்கமான மனுசர். "ஒண்ணு சும்மாதான் இருக்குது அம்மணி, காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்துல. ஆனா அந்தப் பெரியவரு தவறி அஞ்சு நாளுதான் ஆவுதுங்க. எந்த மொகத்த வெச்சுட்டுப் போயி கேக்கறதுங்க?" என்றார்.

"எங்க ஊட்டுக்காரருக்குங்க. மூச்சுக்குங்க" என்றேன்.

"புரியுதுங்க அம்மணி. பாக்கலாமுங்க."

எங்கள் பக்கத்தில் 'பாக்கலாமுங்க' என்று சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. செத்தவருக்கு மரியாதை, சாகக் கிடக்கிறவருக்கு ஒன்றுமில்லையா? வாயில் வந்ததையெல்லாம் மென்று முழுங்கிவிட்டு டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். பாதி சொல்வதற்குள், "காரை எடுத்துட்டு வாரேன், ரெடியா இருங்கக்கா" என்றார். கிளினிக்கில் உட்கார்ந்திருந்த ஆட்களைச் சாயந்தரம் வரச் சொல்லி அனுப்பிவிட்டுத்தான் வந்தார். அந்த ஒரு பேச்சுக்காகவே நான் எத்தனை சால்வை வேண்டுமானாலும் போர்த்திக்கொள்வேன்.

தோட்டத்து வீட்டில் பந்தல் இன்னும் பிரிக்காமல் இருந்தது. ஆண்கள் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போய், பெரியவருடைய சம்சாரத்தின் கைகளைப் பிடித்துக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் எதிரில் மெஷின். அதன்மேல் வெள்ளை வேட்டியை மடித்துப் போட்டு, பெரியவர் படத்தை வைத்து மாலை சாத்தியிருந்தார்கள். படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காரியம் முடிகிற வரைக்கும் அணையாமல் பார்த்துக்கொள்ளும் விளக்கு. அடக் கடவுளே, இதை நான் எப்படிக் கேட்பேன்?

வாய் வரவில்லை, அழுகைதான் வந்தது. துக்கம் கேட்க வந்தவள் அழுகிற அழுகையா அது? ஆஸ்பத்திரியில் கிடக்கிறவரை நினைத்து நெஞ்சு வெடிக்க அழுதேன். டாக்டரம்மா என் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். அந்த அம்மாவே கடைசியில் கேட்டுவிட்டார். "ஏங்கண்ணு, எங்களுக்காக அழுகற மாதிரி தெரியலீங்களே. என்னாச்சுங்க?"

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மாவின் கொழுந்தனார் உள்ளே வந்தார். "அதெப்படிங்க? காரியம் முடியாம படத்த எடுக்கறதுங்களா? ஊருல என்ன பேசுவாங்க?" என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை.

அந்த அம்மா எழுந்தார். விளக்கைத் தரையில் இறக்கி வைத்தார். படத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். "இவருக்கும் இந்த மெசினு ஒடனே வரலீங்க. உங்க கிளப்புக்குத்தான் போன் போட்டோம். மெசினு துக்க ஊட்டுல இருக்குது, காரியம் முடியட்டும், தாரோமுங்கன்னு மரியாதையாத்தான் சொன்னாங்க. அந்தக் காரியம் முடியற வரைக்கும் இவரு தெணறுன தெணறல் இருக்குதுங்களே, அத நான் ஒருத்திதான் பாத்தேன். மெசினு வந்தப்புறம் ரெண்டே நாளுதானுங்க இருந்தாரு. எடுத்துட்டுப் போங்க கண்ணு."

டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டார். கொழுந்தனார்தான் மெஷினைத் தூக்கிவந்து காரில் வைத்தார். துக்க வீட்டில் வாரேன் என்று சொல்லக் கூடாது என்பதால், அந்த அம்மாவிடம் ஒன்றுமே சொல்லாமல் புறப்பட்டோம். படத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தார்.

என் வீட்டுக்காரர் அன்று சாயந்தரமே வீட்டுக்கு வந்தார். அடுத்த கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, அந்த அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "நீங்க சொல்றது சரிதானுங்க அம்மணி. ஆனா போயி கேக்கறது யாருங்க?" என்றார். நான் போகிறேன் என்றேன்.

இப்போதெல்லாம் சாவு விழுந்த வீட்டுக்கு மூன்றாம் நாளே போய்விடுவேன். அதற்குமேல் விடுவதில்லை. என்னைக் கண்டதும் அந்த வீடுகளில் முகம் சுருங்கும். "எழவு ஊட்டுக்கே வந்து கேக்கறா பாரு, வெக்கங்கெட்டவ" என்று என் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, இன்னொருத்தர் காத்திருக்கிறாருங்க என்று சொல்லி நிற்பேன். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு அவருக்கு ரசம் சாதம் கரைத்துக் கொடுப்பேன்.

போன வாரம் அவர் மூக்கிலிருந்த குழாயைச் சரிசெய்துகொண்டே, "நான் போயிட்டன்னா மூணு நாளெல்லாம் வெச்சிருக்க வேண்டாம் அம்மணி. அன்னைக்கே குடுத்துப்போடு" என்றார்.

"மொதல்ல வாயக் கழுவுங்க" என்று கத்திவிட்டேன்.

அவர் விடவில்லை. "சரின்னு சொல்லு" என்றார். மறுநாளும் கேட்டார். இன்று காலையிலும் கேட்டார். ஊரார் வீட்டிலெல்லாம் போய் நின்று கேட்கிற எனக்கு, அவரிடம் அந்த ஒரு சரியைச் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.