மூடிய சரிவு

2023 மார்ச் 4: மணி பிளாண்ட், 120 கன்று, 96 ரிங்கிட்.
2023 மார்ச் 19: மணி பிளாண்ட், 200 கன்று, 150 ரிங்கிட்.
2023 டிசம்பர் 10: விரிசல், 3 மில்லிமீட்டர்.
2024 மே 26: விரிசல், 8 மில்லிமீட்டர்.
2024 அக்டோபர் 30: விரிசல், 14 மில்லிமீட்டர்.

மலேசியாவின் செமினியில் ஒரு வரிசை வீட்டின் கடைக்கோடியில் குடியிருந்த சீதாலெட்சுமி, சமையலறைக் காலண்டரில் குறித்துவைத்தவை இவை. வீட்டுக்குப் பின்னால் ஆள் உயரத் தடுப்புச் சுவர். அதற்கு மேலே செங்குத்தான மண்மேடு. உச்சியில் நின்ற மரங்கள் வெயிலை அண்டவிடுவதில்லை. புல்லே முளைக்காத அந்த மண், மழைக்குக் கரைந்து கொல்லை வாய்க்காலை அடைத்தது. சுவரை ஒட்டிய அறையில்தான் அவர் கணவர் இராமலிங்கம், வாதம் வந்து, மூன்று வருஷமாகப் படுத்த படுக்கையாகக் கிடந்தார்.

நகராண்மைக் கழகத்துக்குப் புகார் எழுதிப் போட்டுவிட்டு, காத்திராமல் சீதாலெட்சுமியே கொடி நட்டார். கேரி தீவுத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் செம்பனை மரங்களுக்கு அடியில் மூடுகொடி நட்ட கை அது. சரிவுக்குக் குறுக்கே வரிசை பிடித்து, முழத்துக்கு ஒரு கன்று, இரண்டு கணு மண்ணுக்குள். நிழலிலும் வருஷம் பூராவும் பச்சையாக நிற்பது மணி பிளாண்ட்தான் என்று அவருக்குத் தெரியும். எட்டே மாதத்தில் மேட்டில் ஒரு பிடி மண் கண்ணில் படவில்லை. கொடி சுவர்மேலும் இறங்கித் தொங்கியது.

"அக்கா, பின்பக்கம் ரிசார்ட் மாதிரி இருக்கு லா! டிக்கெட் போடுங்க, நான் கேட்ல உக்காந்து வசூல் பண்றேன்" என்பாள் பக்கத்து வீட்டுக் குமுதா.

ஆனால் கொடி பிடிப்பது மேல்மண்ணை மட்டும்தான். டிசம்பரில் இலைகளை விலக்கியபோது சுவரில் குறுக்காக ஒரு விரிசல் ஓடியிருந்தது. நீர் வடிவதற்குச் சுவரில் விட்டிருந்த குழாய்கள் மழை நாளிலும் வறண்டு கிடந்தன. தண்ணீரெல்லாம் உள்ளேயே நின்று சுவரைத் தள்ளுகிறது என்று அவருக்குப் புரிந்தது. கழகத்துக்கு மறுபடியும் எழுதினார்.

2024 ஜூன் 11 அன்று கழகத்திலிருந்து ஒரு மலாய்க்கார அதிகாரி வந்தார். மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே, மேட்டைக் கைகாட்டி விசாரித்தார். சீதாலெட்சுமிக்குப் பெருமை முந்திக்கொண்டது.

"சுடா துத்துப், என்சிக்" என்றார் மலாயில். கொடி போட்டு மூடியாயிற்று என்ற அர்த்தத்தில்.

விரிசலைக் காட்டுவதற்கு வேலிக் கதவின் பூட்டைத் திறப்பதற்குள் அதிகாரி எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அக்டோபர் 30 அன்று கழகத்துக்குப் போன் போட்டபோது கவுண்டர்ப் பெண் சொன்னாள்: "ஆன்டி, உங்க கம்ப்ளெயின் ஜூன்லயே துத்துப். நீங்களே சொன்னீங்கன்னு ரிப்போர்ட்ல இருக்கு."

மண்ணை மூடினாலும் துத்துப்தான். புகார்க் கோப்பை மூடினாலும் துத்துப்தான்.

"நான் மண்ணைத்தானேம்மா சொன்னேன்!"

"அப்போ புதுசா எழுதுங்க, ஆன்டி. போட்டோவோட."

எந்தப் பக்கம் நின்று எடுத்தாலும் போட்டோவில் பச்சைதான் விழுந்தது. நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை, தாம் நட்ட கொடியைத் தாமே வேரோடு இழுத்துப்போட்டார் சீதாலெட்சுமி. படம் எடுத்து, புதுப் புகாரோடு அனுப்பினார். மறுநாளிலிருந்து தினமும் பின்நேரம் மழை. வெறும் மண்ணில் இறங்கியது.

"ஏங்க, ஹாலுக்குப் போயிடலாம்."

"வரவன் போறவன் எல்லாம் என்னை வேடிக்கை பார்க்கணுமா? செடியப் பிடுங்கின, இப்ப என்னையும் பிடுங்க வந்துட்டியா?"

நவம்பர் 8 காலையில் விரிசலுக்குள் சீதாலெட்சுமியின் கட்டைவிரல் தடங்கலில்லாமல் போயிற்று. அதற்குமேல் அவர் கணவரைக் கேட்கவில்லை. குமுதாவைக் கூப்பிட்டார். இருவரும் மெத்தையோடு இழுத்தார்கள். இராமலிங்கம் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார்.

பிற்பகல் 4.10க்கு, லோரி மண்ணைக் கொட்டுவது போலப் பின்னறையில் ஒரு சத்தம். கதவைத் தள்ளினால் அசையவில்லை. அதன் அடி இடுக்கிலிருந்து சிவப்புச் சேறு ஹாலுக்குள் ஊர்ந்து வந்தது. இராமலிங்கம் திட்டுவதை நிறுத்தி, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். மேட்டின் மேற்பாதி இன்னும் விழாமல் நின்றது.

புதுப் புகாருக்குக் கழகம் அனுப்பிய பதில் கடிதத்தில் மூன்றே வரி. இடம் முன்பே பார்வையிடப்பட்டது. சரிவு செடிகளால் நன்கு மூடப்பட்டுள்ளது. புகார் மூடப்பட்டது.

அது வந்து சேர்ந்த நாள் 2024 நவம்பர் 12.