பேர் வெட்டாத கிளாஸ்

லண்டனில் எங்கள் மகளுக்குக் கல்யாணம். விசா கேட்டோம், மறுத்துவிட்டார்கள். மறுபடி எழுதிப் போட்டுக் கிடைப்பதற்குள் கல்யாணமே முடிந்துவிடும். அவளும் மாப்பிள்ளையும் பரிசாக என்னென்ன வேண்டும் என்று அங்கே ஒரு கடையில் குறித்து வைத்திருந்தார்கள். பரிசு கொடுக்கிற எல்லோரும் அதிலிருந்துதான் வாங்கவேண்டும். நாங்களும் அதில் ஒன்றை வாங்கிக் கொடுக்கலாம், அவ்வளவுதான் எங்கள் பங்கு. பெற்றவர்களும் விருந்தாளிகளும் ஒரே வரிசையில்.

பாளையங்கோட்டை வீட்டில் உட்கார்ந்து அந்தப் பட்டியலைப் போனில் பார்த்தோம். மற்றதையெல்லாம் சிநேகிதர்கள் எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது நீளக் காம்பு வைத்த கிரிஸ்டல் கிளாஸ். ஒயின் குடிக்க என்று நான் சொல்லவில்லை. ரோஸ்மில்க்குக்கு என்று மனைவி நினைத்துக்கொண்டாள். பாத்திரக்கடையில் எதையும் விரலால் சுண்டிப் பார்த்துத்தான் வாங்குவாள். அந்தப் பழக்கத்தில் போனில் இருந்த படத்தையும் சுண்டினாள். கிளாஸ் ஓடிப்போய், யாரோ ஏற்கெனவே வாங்கிவிட்ட தலையணை உறை வந்து நின்றது. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மகளைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“ஏட்டி, அதுல பேரு வெட்டித் தருவாவளா?”

எங்கள் பக்கம் பெண்ணுக்குக் கொடுக்கும் குடத்திலிருந்து கரண்டி வரைக்கும் அப்பாவின் இனிஷியலோடு அவள் பேரை வெட்டித்தான் அனுப்புவோம். எந்த வீட்டுக்குப் போனாலும் இன்னார் மகளின் பொருள் என்று தெரியவேண்டும். மகள் பொறுமையாகவே சொன்னாள்: இதே கிளாஸை வேறு சிலரும் வாங்குகிறார்கள், சிலதில் மட்டும் பேர் இருந்தால் செட் சேராது. மனைவி சரி என்றாள். பணத்தைக் கட்டினேன்.

கல்யாணம் முடிந்து அவர்கள் வீட்டிலேயே விருந்து. இங்கே சாயங்காலம். போனைச் செம்பில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். மனைவி பட்டுச்சேலை கட்டியிருந்தாள், யார் பார்க்கப்போகிறார்களோ தெரியாது. மேசை நிறைய அந்தக் கிளாஸ்கள். மகள் ஒன்றை எடுத்து மாப்பிள்ளையின் கிளாஸில் தட்டினாள். சத்தம் கணீரென்று கேட்டது. மனைவி முகத்தைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒவ்வொன்றாகத் தேடினாள்.

“இதுல நம்ம கிளாஸு எதுங்க?”

எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. மகள் கையில் இருப்பதுதான் என்றேன். அதற்குள் மகள் அதை மேசையில் வைத்துவிட்டாள். அதுவும் மற்றதோடு கலந்துவிட்டது.